வடசென்னையிலிருந்து உளமொழியியலில் முனைவர் பட்டம்: எம்.ஏ. தமிழ் படித்தவருக்கு இடம் உண்டா?

கேள்வி – கொருக்குப்பேட்டை வாசகி – 2025 ஜூன் 1

அரசுக் கல்லூரியில் எம்.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அம்மா தெலுங்கு பேசுவார், அப்பா தமிழ் பேசுவார், பாட்டி இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவார். மனிதர்கள் மொழியை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால் உளமொழியியல் என்பது விலை உயர்ந்த கருவியும் ஆங்கிலமும் புள்ளியியலும் கைவசம் உள்ளவர்களின் துறை, தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு அங்கே வேலை இல்லை என்று எனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அது உண்மையா?

2025 ஜூன் 2

உண்மை இல்லை. அவர் சொன்ன மூன்றும் தேவைதான், ஆனால் மூன்றையும் பிறகு கற்றுக்கொள்ளலாம். தொல்காப்பியமும் நன்னூலும் படித்து வேற்றுமை, எச்சம், புணர்ச்சி ஆகியவற்றை உள்வாங்கிய ஒருவரிடம் இருக்கும் மொழியறிவை, கருவி வைத்திருப்பவர் எளிதில் பெற முடியாது.

இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி காலத்தைப் பற்றியது. ஒரு வாக்கியத்தை வாசித்து முடித்தபின் அதன் பொருள் என்ன என்று இலக்கணம் சொல்லிவிடும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு சொல்லிலும் மனம் என்ன முடிவெடுக்கிறது, எங்கே தயங்குகிறது, எங்கே எடுத்த முடிவை மாற்றுகிறது என்பதைத்தான் உளமொழியியல் கேட்கிறது. வாசிக்கும் கண் ஒரு சொல்லின் மேல் நிற்பது சராசரியாகக் கால் விநாடி. அந்தக் கால் விநாடியில் நடப்பதை நேரடியாகப் பார்க்க வழியில்லாததால், எதிர்வினை நேரம், கண்ணசைவு, மூளை மின்னலை என்று சுற்றுவழிகளில் அளக்கிறோம். 1980-இல் மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும், பொருளுக்கு ஒவ்வாத சொல் ஒன்று வாக்கியத்தின் முடிவில் வந்தால் ஏறத்தாழ 400 மில்லிவிநாடியில் மூளை மின்னலையில் ஒரு சரிவு தோன்றுவதைக் காட்டினார்கள். அவர்கள் காட்டியது ஆங்கிலத்தில். அத்தகைய கேள்விகளைத் தமிழிடம் கேட்டவர்கள் இன்னும் மிகக் குறைவு. உங்களுக்கான இடம் அங்கேதான் இருக்கிறது.

2025 ஜூன் 2, இரவு

முனைவர் பட்டச் சேர்க்கைக்கான விதிமுறை கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முதுகலையில் 55 விழுக்காடு தேவை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. பாடப்பணியையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. எம்.ஃபில். இனி இல்லை. 2024 ஜூன் முதல், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே முனைவர் பட்டச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். மொழியியல் அதில் தனிப் பாடமாகவே இருக்கிறது. நெட் தேர்வைத் தமிழ்ப் பாடத்தில் எழுதுவதா மொழியியல் பாடத்தில் எழுதுவதா என்று தயங்குகிறீர்கள் என்றால், மொழியியலில் எழுதுங்கள். ஒலியனியல், தொடரியல் ஆகியவற்றை அந்தத் தேர்வுக்காகப் படிப்பது பிறகு ஆய்வுக்கும் உதவும்.

2025 ஜூன் 5

"கேள்வி" என்று நான் எதைச் சொல்கிறேன் என்பது விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு எடுத்துக்காட்டை முழுமையாக எடுத்துக்கொள்கிறேன்.

"மாணவனைப் பாராட்டிய ஆசிரியர் நூலகத்திற்குப் போனார்."
"மாணவன் பாராட்டிய ஆசிரியர் நூலகத்திற்குப் போனார்."

முதல் வாக்கியத்தில் ஆசிரியர் பாராட்டினார், இரண்டாவதில் மாணவன் பாராட்டினான். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடும், அதை விளக்கும் தொடர் பின்னால் வரும். தமிழில் பெயரெச்சத் தொடர் முழுவதும் முன்னால் வந்துவிடுகிறது, யாரைப் பற்றிய பேச்சு என்பது அதன்பிறகே தெரிகிறது. "மாணவன்" என்று வாசிக்கும் மனம், இதுதான் முழு வாக்கியத்தின் எழுவாய் என்று எடுத்துக்கொண்டு காத்திருக்கிறதா, அல்லது எதையும் தீர்மானிக்காமல் பொறுத்திருக்கிறதா? "பாராட்டிய" என்ற எச்சம் வந்ததும் வாசகர் தயங்குகிறாரா? அப்போதும் விடை முடிந்துவிடுவதில்லை. "மாணவன் பாராட்டிய ஆசிரியரை வணங்கினான்" என்றும் வாக்கியம் போகலாம், அங்கே மாணவன் மீண்டும் முதன்மை எழுவாய் ஆகிவிடுகிறான். எட்வர்டு கிப்சன் 1998-இல் முன்வைத்த கோட்பாடு, தொடர்புள்ள சொற்களுக்கிடையே தூரம் கூடினால் வாசிப்பவர் மனத்தின் சுமையும் கூடும் என்கிறது. சிரவண் வசிஷ்ட் இந்தியில் செய்து 2003-இல் நூலாக வெளிவந்த ஆய்விலோ, வினைக்கு முன்னால் கூடுதல் சொற்கள் வரும்போது வினையை வாசிக்கும் வேகம் குறையாமல் கூடிய இடங்கள் இருந்தன. வினை கடைசியில் வரும் மொழியைப் பேசுபவர்கள் காத்திருக்கும்போதே வரப்போவதை ஊகித்துக்கொள்கிறார்களோ என்ற விவாதம் அங்கிருந்து வலுப்பெற்றது. தமிழும் வினை கடைசியில் வரும் மொழிதான்.

இனி உங்கள் எம்.ஏ. தமிழ் எங்கே உதவுகிறது என்று பாருங்கள். சொல் சொல்லாகத் திரையில் காட்டும் முறையில், ஒவ்வொரு சொல்லுக்கும் வாசகர் ஒரு விசையை அழுத்துவார். அழுத்தங்களுக்கிடையே உள்ள நேரமே நமக்குத் தரவு. "மாணவனைப்" என்ற சொல்லின் இறுதியில் ஒற்று மிகுந்திருக்கிறது அல்லவா? அந்தப் "ப்", அடுத்த சொல் பகரத்தில் தொடங்கப்போகிறது என்பதை வாசகருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. "மாணவன்" என்ற சொல் அப்படி எதையும் சொல்வதில்லை. முதல் வாக்கியத்தில் "பாராட்டிய" விரைவாக வாசிக்கப்பட்டால், காரணம் இரண்டாம் வேற்றுமையா, ஒற்று மிகுந்ததா என்று பிரித்தறிய முடியாது. இந்த ஓட்டையோடு செய்த சோதனையில் எத்தனை பேரை அமர்த்தினாலும் விடை கிடைக்காது.

தீர்வும் இலக்கணத்திலேயே இருக்கிறது. வல்லினத்தில் தொடங்காத எச்சத்தை எடுங்கள்: "மாணவனை அழைத்த ஆசிரியர்", "மாணவன் அழைத்த ஆசிரியர்". ஒற்று மிகாது. "மாணவன்", "மாணவனை" இரண்டுக்கும் எழுத்தும் நான்குதான். வல்லினம் மிகும் இடம் எது, மிகா இடம் எது என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தோமே, அது சோதனைக்கூடத்தில் இவ்வளவு நேரடியாகப் பயன்படும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

2025 ஜூன் 6

எழுத்து எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கணினி எண்ணுவது நாம் எண்ணுவதுபோல் அல்ல. "தமிழ்" நமக்கு மூன்றெழுத்து. கணினி எழுத்துகளைப் பதியும் ஒருங்குறியில் (யூனிகோட்) த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. சொல்நீளத்தை மென்பொருளின் எண்ணிக்கையை நம்பிச் சமப்படுத்தினால், நாம் சமப்படுத்தியது எதை என்றே தெரியாமல் போகும். "கொ" போன்ற எழுத்தை இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம், மூன்றாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடலில் மட்டும் பொருந்தாது. சோதனை வாக்கியங்களைக் கோப்பில் ஏற்றும் முன் அனைத்தையும் ஒரே முறைக்கு மாற்றிவிடுங்கள்.

ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு இடப்புறம் எழுதப்பட்டு, ஒலிக்கும்போது மெய்க்குப் பின் வருவதும் ஆய்வுக்குரியதே. இந்தியில் இடப்புறம் எழுதப்படும் இகரக் குறியை வைத்து, எழுதும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் மாறுவது வாசிப்பைத் தாமதிக்கிறதா என்று ஜோத்ஸ்னா வைத், ஆஷும் குப்தா இருவரும் 2002-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். "கெ", "கே", "கை" மூன்றும் தமிழில் அதே கேள்விக்குக் காத்திருக்கின்றன.

2025 ஜூன் 11

வடசென்னைப் பேச்சை ஆய்வுப் பொருளாக எடுத்தால் நேர்காணலில் மதிப்பார்களா என்ற உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. தண்டையார்பேட்டையில் வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வி எங்கே குத்தும் என்பது உங்களுக்குத் தெரியும்.

என் ஆய்வின் தொடக்கத்தில் காசிமேட்டை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் குழந்தைகள் உரக்க வாசிப்பதைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். அட்டையில் எழுதியிருந்தது: "தாத்தா கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கிறார்." மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அதை ஒரு முறை கண்ணால் மேய்ந்துவிட்டு, தடங்கலின்றி, "தாத்தா கடற்கரைல வலை பின்னிக்கினு கீறாரு" என்றான். அருகிலிருந்தவர் தாளில் பிழை என்று குறித்தார். அடுத்து வந்த சிறுமி, "பின்-னிக்-கொண்-டிருக்-கி-றார்" என்று விரல் வைத்து, ஒரெழுத்தும் பிசகாமல் முடித்தாள். சரி என்று குறிக்கப்பட்டது. தாத்தா என்ன செய்கிறார் என்று இருவரையும் கேட்டேன். சிறுமி அட்டையைத் திரும்பப் பார்த்தாள், பதில் வரவில்லை. சிறுவன் வலை பின்னும் ஊசியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கையால் செய்தே காட்டினான்.

அந்தச் சிறுவன் செய்தது என்ன? எழுத்து வடிவத்திலிருந்து "கொண்டிருக்கிறார்" என்பதை அடையாளம் கண்டு, அதன் பொருளை எடுத்து, தன் பேச்சில் அதே தொடர்வினைப் பொருளைத் தரும் "கினு கீறாரு" என்பதைத் தேர்ந்து, எழுவாயோடு உயர்வும் பொருந்த வெளியிட்டிருக்கிறான். கடற்கரையில் என்பதைக் கடற்கரைல என்று ஆக்கியதும் அப்படியே. புரியாத வாக்கியத்தில் இதைச் செய்ய முடியாது. கென்னத் குட்மன் 1960-களிலேயே, உரக்க வாசிக்கும்போது ஏற்படும் விலகல்களை வெறும் பிழையாக எண்ணாமல் வாசிப்பவரின் மனம் செயல்படும் விதத்தைக் காட்டும் சாளரமாகப் பார்க்க வேண்டும் என்று வாதாடினார். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இவ்வளவு இடைவெளி உள்ள மொழியில் அந்தச் சாளரம் இன்னும் அகலமானது. சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல், எழுத்துக்கு ஒன்றும் பேச்சுக்கு ஒன்றுமாக ஒரே மொழியில் நிலவும் இரட்டை வழக்கைப் பற்றி எழுதியது முதல் சமூக மொழியியலில் தமிழின் பெயர் அந்த விவாதத்தில் தொடர்ந்து அடிபடுகிறது. ஆனால் வாசிக்கும் கணத்தில் ஒரு குழந்தையின் மனம் இரண்டு வழக்குகளுக்கும் இடையே எப்படிக் கடக்கிறது, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது உளமொழியியலின் கேள்வி. இதைக் கேட்க வீட்டில் அந்தப் பேச்சு புழங்கும் ஒருவர் வேண்டும். "பின்னிக்கினு கீறாரு" என்று கேட்டதும் பொருள் புரிகிற காது உங்களுக்கு இருக்கிறது. நேர்காணலில் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

2025 ஜூன் 12

நேற்று எழுதியதைப் படித்த நண்பர் ஒருவர், இரண்டு குழந்தைகளை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்தச் சிறுமிக்கு என் முன்னால் பேசக் கூச்சமாக இருந்திருக்கலாம். அவளுக்குப் புரியவில்லை என்று முடிவுகட்ட எனக்கு எந்த உரிமையும் இல்லை. அந்தக் காட்சி எனக்குக் கொடுத்தது ஒரு கருதுகோளை மட்டுமே: உரக்க வாசிக்கும்போது பேச்சு வடிவத்துக்கு மாற்றும் குழந்தைகள், பொருள் கேட்கும் வினாக்களில் மற்றவர்களைவிடப் பின்தங்க மாட்டார்கள். இது பொய்யாகவும் போகலாம். பொய்யாகக்கூடிய வடிவில் எழுதியதால்தான் அது ஆய்வுக் கேள்வியாகிறது.

இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. வடசென்னைக் குழந்தைகளையும் தென்சென்னைக் குழந்தைகளையும் அருகருகே நிறுத்தி யார் மேல் என்று கேட்கும் வடிவமைப்பை நீங்கள் எடுக்கவே கூடாது. பேச்சு மட்டுமா வேறுபடுகிறது? வீட்டில் புத்தகம் வாங்கும் வசதி, பெற்றோரின் வேலை நேரம், படிக்க இடம் எல்லாமே சேர்ந்து வேறுபடும்; கிடைக்கும் வேறுபாட்டைப் பேச்சின் தலையில் கட்டிவிடுவார்கள். ஒரே குழந்தையிடம் இரண்டு வகை வாக்கியங்களைக் கொடுத்து ஒப்பிடுங்கள். பேச்சுக்கு நெருங்கிய வாக்கியம் ஒன்று, தொலைவான வாக்கியம் ஒன்று. அப்போது அந்தக் குழந்தையே தனக்கு அளவுகோல் ஆகிவிடும். இந்த விஷயத்தில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன், நீங்களும் செய்துகொள்ளாதீர்கள்.

2025 ஜூன் 19

கருவி. விநாடிக்கு 1,000 முறை கண்ணின் நிலையைப் பதியும் கருவிகள் உண்டு, அவை தனிமனிதர் வாங்கக்கூடியவை அல்ல. ஆனால் நான் மேலே சொன்ன பெயரெச்சச் சோதனைக்கு அது தேவையே இல்லை. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் பியர்ஸ் தொடங்கிய சைக்கோபை என்ற மென்பொருள் இலவசம்; ஒரு சாதாரண லேப்டாப் போதும். மானிட்டர் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால் ஒரு படம் ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி நிற்கும், அதைவிடத் துல்லியமாக எதையும் காட்ட முடியாது. கம்பியில்லாக் கீபோர்டைத் தவிர்த்துவிடுங்கள். அதன் தாமதம் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாறும். பங்கேற்பாளர் எல்லோருக்கும் ஒரே லேப்டாப்பைப் பயன்படுத்துங்கள்.

எங்கள் பகுதியில் கருவியைவிடப் பெரிய சிக்கல் அமைதியான அறைதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓடாத நேரம் என்று ஒன்று கிடையாது. ஒலி கேட்டுப் பதில் சொல்லும் சோதனையை அங்கே செய்ய முயல வேண்டாம், வாசிப்புச் சோதனையே பொருத்தம். பள்ளி என்றால் நூலக அறையைக் கேளுங்கள். மதிய உணவு மணிக்கு முந்தைய அரைமணியை விட்டுவிடுங்கள், குழந்தைகளின் கவனம் அங்கே இருக்காது. பெரியவர்கள் என்றால் மாலையில், வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு அமர்ந்தபின். துறைமுகத்தில் விடியலுக்கு முன் எழுந்து மீன் ஏலம் முடித்து வந்தவரைப் பிற்பகலில் உட்காரவைத்து எதிர்வினை நேரம் அளந்தால் கிடைப்பது அவருடைய களைப்பின் அளவு.

2025 ஜூன் 20

உங்கள் வீட்டுத் தெலுங்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருமொழி ஆய்வில் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒரு பெரிய பங்களிப்பைச் சொல்லியாக வேண்டும். சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் ஐதராபாத்தில் மறதிநோய்க்குச் சிகிச்சை பெற வந்த 648 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். ஒருமொழி பேசியவர்களைவிடப் பலமொழி பேசியவர்களுக்கு நோய் ஏறத்தாழ நான்கரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வேறுபாடு தெரிந்ததால், பள்ளிப் படிப்புதான் காரணம் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. காரணத்தைப் பற்றிய வாதம் உலகெங்கும் இன்னும் ஓயவில்லை.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேலை நாட்டு ஆய்வுகள் பலவற்றில் இருமொழியாளர் என்றால் பெரும்பாலும் குடியேறி வந்தவர், அல்லது கல்லூரியில் இரண்டாம் மொழி கற்றவர். சௌகார்பேட்டையில் மார்வாடியும் தமிழும் பேசும் கடைக்காரரும், வண்ணாரப்பேட்டையில் உருது வீட்டில் பிறந்து தமிழ்வழிப் பள்ளியில் படித்தவரும், வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பெரியவரும் பிறந்த தெருவிலேயே இரண்டு மூன்று மொழிகளில் வாழ்ந்தவர்கள். மனித மனத்தைப் பற்றிய முடிவுகளைச் சில செல்வ நாடுகளின் கல்லூரி மாணவர்களை மட்டும் வைத்து எடுக்கிறோம் என்று ஜோசஃப் ஹென்ரிச்சும் உடனாசிரியர்களும் 2010-இல் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கைக்கு உங்கள் பாட்டி போன்றவர்களைக் கொண்டுதான் பதில் சொல்ல முடியும்.

ஆனாலும் முதல் ஆய்வுக்கு இருமொழியை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. யாருக்கு எந்த மொழி எவ்வளவு தெரியும் என்று அளப்பதே தனி ஆய்வு அளவுக்குப் பெரிய வேலை.

2025 ஜூன் 28

ஆய்வை வழிநடத்தும் நெறியாளர். ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் நரம்பியல், அறிதல் அறிவியல் மையம், அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நடத்தை, அறிதல் அறிவியல் மையம், ஐ.ஐ.டி. காந்திநகர் ஆகியவற்றில் இந்த வகை ஆய்வுக்கான சூழல் இருக்கிறது. பேச்சு, கேட்டல் தொடர்பாக என்றால் மைசூரு அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம். ஊரை விட்டுப் போக முடியாத நிலை என்றால், சென்னையில் மொழியியலோ உளவியலோ நடத்தும் துறையில் சேர்ந்து, சோதனை முறை தெரிந்த இணை நெறியாளரை வேறு நிறுவனத்திலிருந்து வைத்துக்கொள்ள முடியுமா என்று சேரும் முன்பே கேளுங்கள். சேர்ந்தபின் கேட்டால் கோப்பு மேசை மேசையாக அலையும். என்னோடு படித்த ஒருவர் அப்படி இழந்த காலத்தை நேரில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தலைப்பில் அவர் நிபுணரா என்பதைவிட, அவரிடம் முடித்த மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், தரவைத் தாங்களே கையாண்டார்களா என்று விசாரிப்பது பயன் தரும். அந்த மாணவர்களிடமே பேசுங்கள், பெரும்பாலோர் மனம் திறந்து சொல்வார்கள்.

பணம். நெட் தேர்வின் வழியாகத் தரப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. கிடைக்காவிட்டால் ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர ஆய்வாளர்களுக்குத் தரும் ஊக்கத்தொகைக்குத் தகுதி உண்டா என்று பாருங்கள். வீட்டில் வருமானம் எதிர்பார்க்கிறார்கள் என்றால் அதை நெறியாளரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடம் எடுத்துக்கொண்டே சோதனை நடத்துவது மிகவும் கடினம்.

2025 ஜூலை 6

புள்ளியியல் பயமாக இருக்கிறது என்கிறீர்கள். சூத்திரத்தை விட்டுவிட்டு ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். நாற்பது பேர் உங்கள் வாக்கியங்களை வாசித்தார்கள் என்று வையுங்கள். கிடைத்த முடிவு அந்த நாற்பது பேரைத் தாண்டி மற்றவர்களுக்கும் பொருந்துமா என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் எழுதிய வாக்கியங்களைத் தாண்டி மற்ற வாக்கியங்களுக்கும் பொருந்துமா என்று 1973-இல் ஹெர்பர்ட் கிளார்க் கேட்டார். மனிதர்களைப் போலவே வாக்கியங்களும் ஒரு மாதிரித் தொகுப்புதான் என்ற இந்த எண்ணம் பிடிபட்டால், இன்று எல்லோரும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் பயன்படுத்தும் கலப்பு மாதிரிகள் எதற்காக என்பது விளங்கிவிடும். ஒவ்வொரு வாசகருக்கும் இயல்பான வேகம் வேறு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இயல்பான கடினம் வேறு. இரண்டையும் கணக்கில் எடுத்தபின் எஞ்சுவதுதான் நாம் தேடும் விளைவு.

இதனால் வாக்கியம் எழுதுவதே பெரும் உழைப்பாகிறது. ஒரே இணையின் இரண்டு வடிவங்களையும் ஒருவரே வாசிக்கக் கூடாது. பாதிப் பேர் ஒன்றை, மீதிப் பேர் மற்றதை வாசிக்கும்படி பட்டியல்களைச் சுழற்ற வேண்டும். நோக்கம் தெரியாமலிருக்கத் தொடர்பில்லாத நிரப்பு வாக்கியங்களைச் சோதனை வாக்கியங்களைவிட மிகுதியாகக் கலக்க வேண்டும். எழுதிய அனைத்தையும் சோதனையில் பங்கேற்காத சிலரிடம் கொடுத்து, இயல்பாக இருக்கிறதா என்று மதிப்பிடச் சொல்லுங்கள். பேராசிரியர்களிடம் கொடுக்காதீர்கள்; அவர்கள் இலக்கணம் திருத்தித் தருவார்கள். ரேஷன் கடை வரிசையில் நாளிதழ் வாசிப்பவர் தரும் மதிப்பீடு உங்களுக்கு அதிகம் உதவும்.

2025 ஜூலை 13

பங்கேற்பவர்களுக்குப் பணம் தரலாமா என்ற கேள்வி மீதமிருக்கிறது. தரலாம், தர வேண்டும். கூலி வேலை செய்பவரின் ஒரு மணி நேரத்துக்கு விலை உண்டு. தொகை எவ்வளவு என்பதை நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஏற்க வேண்டும். மறுக்க முடியாத அளவுக்குப் பெரிய தொகையாகவும் இருக்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தை நீங்களே உரக்க வாசித்துக் காட்டுங்கள், அதையும் பேச்சுத் தமிழில் எழுதுங்கள். நான் பார்த்த படிவங்களில் பெரும்பாலானவை கையெழுத்துப் போடுபவருக்குப் புரியாத எழுத்துத் தமிழில் இருந்தன. மொழிப் புரிதலை ஆராய வந்தவர்கள் அப்படி ஒரு தாளை நீட்டக் கூடாது.

குழந்தைகள் என்றால் பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017 வழிகாட்டுதல்கள் ஏழு வயதைக் கடந்த குழந்தையின் சொந்த இசைவையும் கேட்கச் சொல்கின்றன. அவர்களுக்குப் பணம் வேண்டாம். நோட்டுப் புத்தகம், வண்ணப் பென்சில் போதும். பாதியில் எழுந்து போகிற குழந்தைக்கும், வரமாட்டேன் என்று தலையாட்டுகிற குழந்தைக்கும் அதே நோட்டும் பென்சிலும் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் இசைவு கேட்டதற்குப் பொருளே இல்லை. குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் இதைத் தனி வரியாக எழுதி, அதற்கான செலவை மொத்தக் குழந்தைகளின் எண்ணிக்கைக்கும் சேர்த்தே கணக்கிட்டுக் காட்டுங்கள்.